விசை இளகிய மதியம்

பரவையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஹரிராமுக்கு எரிச்சலாக இருந்தது. துப்பாக்கிதான் ரிப்பேர்காரனைத் தேடி வரவேண்டும். ரிப்பேர்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துப்பாக்கியைத் தேடிப் போவது எந்த ஊர் நியாயம்? மதுரைக் கடையில் உட்கார்ந்து இருபது வருடமாக வேலை பார்க்கிறான், ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

ஆனால் இந்த விஷயத்தில் வேறு வழியும் இல்லை. லைசென்ஸ் விருமாண்டியின் பேரில் இருந்தது. அவர் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். வேறு எவன் அந்தத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தாலும் போலீஸ் பிடித்து உட்கார வைத்துவிடும். அதனால் கடை முதலாளி, நீயே ஒரு எட்டுப் போய்ப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்று அனுப்பி வைத்தார்.

எண்பதாம் வருடம், பங்குனி மாதம். காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மருது என்கிற வண்டிக்காரன் பரவையிலிருந்து வடக்கே நாலு மைல் ஓட்டிக்கொண்டு போனான். வழி நெடுக ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவன், தென்னந்தோப்பு கண்ணில் பட்டதும் வாயை மூடிக்கொண்டான். தோப்பு முகப்பிலேயே மாட்டை நிறுத்தினான். வீடு இன்னும் அரை பர்லாங் தள்ளி இருந்தது.

“வாசல் வரைக்கும் போகலாமேப்பா, பெட்டி கனமா இருக்கு” என்றான் ஹரிராம்.

“இங்கயே நிக்கிறேண்ணே. உச்சிப்பொழுதுக்கு முன்னாடி வந்துருங்க. அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன்.”

ஹரிராம் மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தான். தோப்பில் ஒரு காக்கை கிடையாது, ஒரு நாய் கிடையாது. வெயில் மட்டும் கொட்டிக் கிடந்தது. வீடு பெரிய காரை வீடு. சுண்ணாம்பு அடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். படியேறியதும் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. தேங்காய் மட்டையும் எண்ணெய்ச் சிக்கும் இருக்கவேண்டிய இடத்தில் துப்பாக்கி மருந்து வாசனை. வெடித்து ஐந்து நிமிடம் ஆன குழலில் வருமே, அது. அவனுக்கு அந்த வாசனை அன்றாடம் பழகியதுதான். இருந்தாலும் யாரோ இப்போதுதான் சுட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பட்டாசாலையில் கட்டில் கிடந்தது. அதில் விருமாண்டி கிடந்தார். ஒரு காலத்தில் ஆளை அடித்துப்போடும் உடம்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது வலது பக்கம் முழுக்கச் செத்து, வாய் ஒரு ஓரமாக இழுத்திருந்தது. கண் மட்டும் சாகவில்லை.

“பட்டுநூல்காரனையா அனுப்பிவச்சான்? நூல் புடிக்கிற கைக்கு இரும்பு என்னத்தத் தெரியும்?”

வா என்ற சொல் இல்லை, உட்கார் என்ற சொல் இல்லை. ஹரிராமுக்குச் சுருக்கென்றது. அப்பா காலத்தோடு தறி போயிற்று, எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்புதான் என்று பொறுமையாகச் சொன்னான். கிழவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. மோவாயை உயர்த்திச் சுவரைக் காட்டினார்.

இரண்டு ஆணியில் படுத்திருந்தது துப்பாக்கி. பழைய சீமைச் சரக்கு. இரட்டைக் குழல், குழலுக்கு ஒரு சுத்தியல், விரலால் இழுக்கச் சுத்தியலுக்கு ஒரு விசை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பளிச்சென்று இருந்தது. குழல் வாய் சமையல்கட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தது. ஆள் நடமாடும் பக்கம் குழல் வாயை வைக்கக்கூடாது என்பது துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு முதல் பாடம். அதைச் சொல்ல வாயெடுத்தவன், இந்த மனிதரிடம் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டான்.

விருமாண்டி வேலையைச் சொன்னார். விசை கல்லாக இறுகிக் கிடக்கிறது. அதைத் தொட்டால் விழுகிற மாதிரி இளக்கவேண்டும். ஆனால் இரண்டையும் அல்ல.

“முன் விசைய மட்டும் இளக்கு. பின் விசைய நீ தொடவே கூடாது. வெளங்குச்சா?”

இது என்ன பைத்தியக்கார வேலை என்று ஹரிராம் கேட்டேவிட்டான். ஒரு விசை வெண்ணெயாகவும் இன்னொரு விசை கல்லாகவும் இருந்தால் சுடுகிறவன் கை தடுமாறும். அப்படி ஒரு வேலையைச் செய்து தன் கடை பேரைச் சொல்ல முடியுமா? கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

துப்பாக்கியை எடுத்து மடக்கிப் பிரித்து, இரண்டு குழலையும் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான் ஹரிராம். ஊசி விழுந்தாலும் தெரியும் சுத்தம். தோட்டா இல்லை. அதைப் பார்க்காமல் அவன் எந்தத் துப்பாக்கியையும் மடியில் வைக்க மாட்டான். பட்டாசாலையின் மறு கோடியில் சாக்கை விரித்து, பெட்டியைத் திறந்து உட்கார்ந்தான்.

சுத்தியலும் விசையும் சேர்கிற பூட்டைக் கழற்றிப் பார்த்தவனுக்கு ஆச்சரியமாகிவிட்டது. உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. சுத்தியலைத் தள்ளும் வில் நன்றாக இருந்தது. சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி விசைக்கு ஒன்றாக இருக்கிறதே, அதன் முகத்தில் மட்டும் யாரோ அரத்தால் தாறுமாறாகக் கீறியிருந்தார்கள். தேய்மானத்தில் வந்த கீறல் இல்லை. வேண்டுமென்றே, பல்லைக் கடித்துக்கொண்டு கீறியது. கண்ணாடி மாதிரி இருந்த இரும்பை இப்படிச் செய்தவன் ஆளா மாடா என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது.

“அது நான் செய்யச் சொன்னதுண்ணே.”

தண்ணீர்ச் செம்போடு ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வெறும் நெற்றி. சீனியம்மாள் என்று பேர் சொன்னாள், கட்டிலில் கிடப்பவருடைய தம்பி பெண்டாட்டி. தம்பி மொக்கையன் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. பன்றி விரட்டக் கரும்புக்குள் போனவனை, பன்றி என்று நினைத்து அண்ணன் சுட்டுவிட்டார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். சுட்டது இந்தத் துப்பாக்கியில்தான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். கருமாதி முடிந்த மறு மாதமே ஆரம்பித்துவிட்டதாம். தினமும் உச்சிப்பொழுதில், சுவரில் தொங்குகிற துப்பாக்கியின் விசை தானாகப் பின்னால் நகரும். கொஞ்சம் நகரும், நிற்கும், திரும்பிப் போகும். வருடம் ஆக ஆக நகர்வது கூடிக்கொண்டே வந்தது. பயந்துபோய், கொல்லுப்பட்டறை சுருளியைக் கூட்டிவந்து, கிழவர் ஊரில் இல்லாத நாளில் உள்ளே கீறி விசையை இறுக்க வைத்தாள். அதன் பிறகு எட்டு வருடம் அது அசையவில்லை.

“தோட்டா இருந்தால்தானேம்மா பயம்?”

“வீட்டுல இருந்த தோட்டா அம்புட்டையும் அன்னிக்கே கெணத்துல போட்டுட்டேன்.”

“அப்ப இது வெறும் இரும்புக் குழாய்.”

“இருக்கலாம்ணே. அதை யாரு சோதிச்சுப் பாக்குறது? எந்தப் பக்கம் மாத்தி மாட்டுனாலும் விடிஞ்சு பாத்தா அடுப்படியப் பாத்துத்தேன் கெடக்கு.” அவள் செம்பைக் கீழே வைத்தாள். “சரி பண்ண முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மருதுவின் வண்டியில் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முடியாது என்ற வார்த்தையை ஹரிராம் எந்தத் துப்பாக்கியைப் பார்த்தும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் அவனுடைய பெருமை, திமிர், எல்லாம். தனியாக இருந்து பயந்துபோன பெண் என்று அவளைப் பற்றி முடிவு கட்டினான். பார்க்கிறேன் தாயி என்று ஒப்புக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எண்ணெய்க் கல்லை எடுத்தான்.

ஒரு தேய்ப்பு, ஒரு துடைப்பு, வெளிச்சத்தில் ஒரு பார்வை. இதுதான் அவன் வேலை. அவசரப்பட்டால் இரும்பு கூடுதலாகப் போய்விடும், போன இரும்பு திரும்பி வராது. கொஞ்ச நேரத்தில் உலகம் மறந்துபோனது. கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, அடியிலிருந்து இரும்பு சிரித்துக்கொண்டு வந்தது. மெருகுத் தூளைத் தோலில் தடவித் தேய்த்தபோது கொக்கியின் முகத்தில் தன் கண்ணே தெரிவதைப் பார்த்து மகிழ்ந்துபோனான்.

முன் விசை முடிந்தது. பின் விசையின் கொக்கி சாக்கில் கிடந்தது, அதே அசிங்கக் கீறலோடு. அதை அப்படியே உள்ளே வைத்து மூட அவனுக்கு மனம் வரவில்லை. பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவனை நாற்காலியை விட்டு எழுப்பி அனுப்புவது போல இருந்தது. கிழவருக்கு என்ன தெரியும், பிற்பாடு நம்மை வாழ்த்துவார் என்று அதையும் எடுத்துக் கல்லில் வைத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தான்.

அவன் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தான். தேய்க்கிற சத்தம் இன்னும் ஒருமுறை கேட்டது.

சுவரில் எதிரொலிக்கிறது என்று நினைத்தான். மறுபடி தேய்த்தான், எண்ணினான். ஐந்து தேய்த்தால் ஆறு கேட்டது. பத்து தேய்த்தால் பதினொன்று. அந்தக் கடைசித் தேய்ப்பு மட்டும் அவன் காதுக்கு மிகப் பக்கத்தில், அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தான். வெறும் சுவர். கட்டிலில் கிழவர் கண் மூடிக் கிடந்தார். சமையல்கட்டில் அம்மி ஓடிக்கொண்டிருந்தது.

மருந்து வாசனை இப்போது தொண்டையில் இறங்கியது.

துடைத்து வைத்த முதல் கொக்கியை எடுத்தான். பளபளப்பின் நடுவே ஒரு கைரேகை. துணியால் துடைத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்ப வந்தது, மூச்சு பட்ட கண்ணாடியில் வருகிற மாதிரி மெல்ல. அவனுடைய ரேகை இல்லை. அவன் கட்டைவிரலைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. நடுவில் மண் அப்பியிருந்தது.

எழுந்து போய்விடலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. ஆனால் பிரித்த துப்பாக்கியைப் பிரித்தபடி போட்டுவிட்டுப் போகிற பழக்கம் கைக்கு இல்லை. பயத்தில் மனம் ஓட, கை மட்டும் வேகவேகமாக எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் திருகாணியை முறுக்கியது. மாட்டி முடித்ததும் வழக்கம்போல இரண்டு சுத்தியலையும் பின்னால் இழுத்து நிறுத்தி, ஒவ்வொரு விசையாகத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் பட்டு. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விசை அவன் கையில் அமைந்ததில்லை. அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்துத்தான் பின்னால் அவன் மிகவும் வெட்கப்பட்டான்.

மடியில் கிடந்த துப்பாக்கியின் சுத்தியல்கள் இரண்டும் விழுந்தபடி இருந்தன.

டக்.

முன் சுத்தியல் தானாகப் பின்னால் எழுந்து நின்றது.

டக்.

பின் சுத்தியல்.

குழல் வாய் அவன் மடியிலேயே மெதுவாகத் திரும்பியது. அவன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். செக்கு உலக்கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அது தன் போக்கில் திரும்பி, சமையல்கட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றது. உள்ளே சீனியம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு அரைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் விருமாண்டி கண்ணைத் திறந்திருந்தார். இழுத்த வாயோடு சிரித்தார்.

“வந்துட்டானா?”

“ஐயா, இது என்னன்னு…”

“பதினோரு வருசமா எங்கட்டில் காலுலதேன் ஒக்காந்துருக்கான் எந் தம்பி. தெனமும் ஒரே பேச்சு. விசைய இளக்கிக் குடு, ஒன்னைய விட்டுர்றேன், அவள மட்டும் குடுங்குறான்.” அவர் கண்ணைச் சமையல்கட்டுப் பக்கம் உருட்டினார். “பன்னி நிக்கிதுன்னு சொல்லி அன்னிக்கு அவனக் கரும்புக்குள்ள அனுப்பிவச்சது அவதேன். நான் எங்க நிக்கிறேன்னு அவளுக்குத் தெரியும். ரெண்டு பேரும் பேசிவச்சதுதான.”

ஹரிராம் கத்தினான், தாயி ஓடு என்று. அம்மிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் எழவில்லையா, தெரியவில்லை. முன் விசை மெல்லப் பின்னால் நகர்வதை அவன் கண்ணாலேயே பார்த்தான். அவன் இளக்கி வைத்த விசை. இனி அதைக் கல்லாக்க உலகத்தில் எந்த அரத்துக்கும் நேரமில்லை. விசையைத் தடுக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. ஆட்காட்டி விரலை விசைக்குப் பின்னால் நுழைத்து முட்டுக் கொடுத்தான்.

விசைக்கு முன்னால் இன்னொரு விரல் இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. மெல்லிய இரும்பு நடுவே நிற்க, அந்தப் பக்கத்து விரலின் சில்லிப்பு அவன் விரலில் ஏறியது. அது அவசரப்படவில்லை. அவன் எவ்வளவு தாங்குவான் என்று பார்ப்பது போல அழுத்தியது. நகம் பிளந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை அவன் காதால் கேட்டான்.

சீனியம்மாள் அப்போதுதான் திரும்பினாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, அவன் பின்னால் நிற்கும் உயரத்தைப் பார்த்தாள்.

“வந்துட்டீகளா” என்றாள்.

தோட்டா இல்லாத குழல் வெடித்தது.

புகை கலைவதற்குள் ஹரிராம் எழுந்துவிட்டான். துப்பாக்கி அவன் கையில் இல்லை. அது தரைக்கு மேலே, ஒரு ஆள் தோளில் தாங்கினால் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில் நின்றது. சமையல்கட்டுப் பக்கம் அவன் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. குழல் மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பியது.

விருமாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. அவ போயிட்டாள்ல, பேச்சு முடிஞ்சுச்சுல்ல, போப்பா என்று தம்பியிடம் கெஞ்சலாகச் சொன்னார். பிறகு ஹரிராம் பக்கம் தலையைத் திருப்பினார்.

“பின் விசையத் தொடலதான?”

ஹரிராம் பார்வையைத் தரையில் இறக்கினான். கிழவர் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“ரெண்டையுமா இளக்குன, பாவி?”

அவன் ஓடினான். படியில் விழுந்து எழுந்து ஓடினான். தென்னைகளின் நிழல் காலடியில் சுருண்டு கிடந்த நேரம் அது. தோப்பு முகப்பை அடைவதற்குள் இரண்டாவது வெடி கேட்டது. மருதுவின் வண்டி அங்கே இல்லை.

போலீஸ் வந்து பார்த்தபோது துப்பாக்கி சுவரில், இரண்டு ஆணியில் இருந்ததாம். குழலில் புகைக் கரிகூட இல்லையாம். வீட்டில் தோட்டாவும் கிடையாது. வேறு யாரோ வேறு துப்பாக்கியால் சுட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்று எழுதி, ஆளைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஹரிராமையும் இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு, இந்த விரலால் எவன் விசை இழுக்க முடியும் என்று விட்டுவிட்டார்கள். அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. மனைவி கனகலட்சுமியிடம்கூட, திருகாணி வழுக்கிக் கை நசுங்கிவிட்டது என்றுதான் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் சொன்னான். ஆனால் ராத்திரி தூக்கத்தில் அழுதான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சொல்லியிருந்தால் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் சட்டசபைத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். கடை நிரம்பி வழிந்தது. நாற்பத்து மூன்று துப்பாக்கிகளுக்கு ஹரிராம் சீட்டுக் கட்டினான். ஒவ்வொன்றையும் மடக்கிப் பிரித்து, குழலில் தோட்டா இல்லை என்று வாசல் வெளிச்சத்தில் பார்த்து, சுவரில் அடுக்கடுக்காகப் படுக்க வைத்தான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. கனகலட்சுமி தூக்குச்சட்டியோடு வருகிற நேரம்.

கடைக்குள் லேசாக மருந்து வாசனை வந்தது.

ஹரிராம் பேனாவை வைத்தான். நிமிர்ந்து பார்க்காமல் இருந்துவிட எவ்வளவோ முயன்றான்.

மேல் வரிசையில் ஒரு துப்பாக்கியின் விசை மெல்லப் பின்னால் போயிற்று. அதற்குப் பக்கத்தில் இரண்டு அசையவில்லை. அடுத்தது அசைந்தது. கீழ் வரிசையில் மூன்று சேர்ந்தாற்போல அசைந்தன. எதற்கு இது மட்டும், எதற்கு அது இல்லை என்று அவனுக்கு முதலில் பிடிபடவில்லை. பதினேழு எண்ணினான். பிறகு ஒவ்வொன்றின் சீட்டிலும் இருந்த பேரைப் படித்தான், ஒவ்வொன்றும் எந்த வருடம் தன் கைக்கு வந்தது என்று ஞாபகம் வந்தது.

பதினேழும் அவன் மெருகு போட்டவை.

குழல்கள் எல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.